கேப்டனுக்கு 65 நெருங்குகிறது: ஒரு மகளின் கேள்விக்குப் பதில்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு 63 முடிந்துவிட்டது. தனியார் விமான நிறுவனத்தில் ஏர்பஸ் ஏ320 பயணிகள் விமானத்தின் கேப்டன். 65-இல் நிறுத்தியாக வேண்டும். சில மாதமாக வீட்டில் பேச்சைக் குறைத்துவிட்டார். "பைலட்டுங்க ரிட்டையர் ஆனா அஞ்சு வருஷம் தாண்டுறதில்ல" என்று ஓர் உறவினர் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து அம்மாவுக்குக் கவலை. அந்தப் பேச்சு உண்மையா, 65-க்குப் பிறகும் பறக்க வழி உண்டா, இப்போதே என்ன தொடங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். பணத்தைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். ஆகவே உங்கள் கவலை அவருடைய உடலையும் மனதையும் பற்றியது என்று எடுத்துக்கொள்கிறேன். விமானிகளுக்குத் தரை வகுப்பும், விமானி அறையைப் போலவே அமைத்த இயந்திரமான சிமுலேட்டரில் பயிற்சியும் நடத்தும் வேலையில் நீண்ட காலமாக இருப்பவன் நான். மருத்துவனும் இல்லை, ஆடிட்டரும் இல்லை. அந்த இரண்டு பக்கமும் நான் சொல்வதை அந்தந்தத் துறைக்காரரிடம் ஒரு முறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

முதலில் அம்மாவின் கவலை. அந்தப் பேச்சு இந்தியாவில் மட்டும் புழங்குவதில்லை, உலகம் முழுக்க விமானிகளின் ஓய்வறைகளில் பல தலைமுறையாகச் சுற்றி வருகிறது. அதைச் சோதித்துப் பார்த்தே விட்டார்கள். அமெரிக்கன் ஏர்லைன்ஸில் 1968 முதல் 1993 வரை 60 வயதில் ஓய்வுபெற்ற 1494 விமானிகளின் வாழ்நாளைக் கணக்கெடுத்த ஆய்வு ஒன்று 1995-இல் வெளிவந்தது. அதே வயது அமெரிக்க ஆண்களோடு ஒப்பிட்டால் விமானிகள் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கூடுதலாகவே வாழ்கிறார்கள் என்பது அதன் முடிவு. பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானிகளின் 1950 முதல் 1992 வரையிலான இறப்புப் பதிவுகளை ஆராய்ந்தவர்களும் அதே திசையில்தான் முடிவு கண்டார்கள்: மொத்த இறப்பு விகிதம் பொதுமக்களைவிடக் குறைவு, மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் மட்டும் கூடுதல்.

இதில் எதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம், எதை எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். ஓய்வுபெற்றதும் விமானிகள் சீக்கிரம் இறக்கிறார்கள் என்ற பேச்சு பொய். அது உறுதி. ஆனால் வானில் பறந்ததால்தான் ஆயுள் கூடியது என்று இதற்குப் பொருள் இல்லை. தொடக்கத்திலேயே நல்ல உடல்நலம் உள்ளவர்களைத்தான் இந்த வேலைக்கு எடுக்கிறார்கள். நடுவில் உடல்நலம் குன்றியவர்கள், விமானிகளுக்கான கட்டாய உடல்தகுதிச் சோதனையான மெடிக்கலில் தேறாமல் வெளியே போய்விடுகிறார்கள். எஞ்சியவர்களுக்கு நல்ல சம்பளமும் தொடர்ந்த மருத்துவக் கண்காணிப்பும் கிடைக்கின்றன. இவை எல்லாம் சேர்ந்த விளைவுதான் அந்த எண். இரண்டு ஆய்வுகளும் மேற்கத்திய ஆண்களைப் பற்றியவை என்பதால் ஐந்து ஆண்டு என்ற அளவை அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவந்து பொருத்த முடியாது. அம்மாவிடம் சொல்ல ஓர் உதாரணம் வேண்டுமென்றால் கேப்டன் அல் ஹேன்ஸைச் சொல்லுங்கள். 1989 ஜூலையில் விமானத்தைத் திருப்பி இயக்க உதவும் ஹைட்ராலிக் அமைப்பு முழுவதையும் இழந்த யுனைடெட் 232 விமானத்தை சியூ சிட்டியில் தரையிறக்கி, உள்ளே இருந்த 296 பேரில் 184 பேர் பிழைக்கக் காரணமானவர். அன்றைய விதிப்படி 60 வயதில், 1991-இல், ஓய்வுபெற்றார். அதன் பிறகு விபத்திலிருந்து கற்றதை ஊர் ஊராகப் போய்ப் பேசினார், சிறுவர் பேஸ்பால் போட்டிகளில் நடுவராக நின்றார், 2019-இல் 87 வயதில் காலமானார்.

அடுத்து அந்த 65 என்ற எண். உங்கள் அப்பா அதைத் தன் திறமையைப் பற்றிய தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். பலர் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த எண் வந்த வழியைத் தெரிந்துகொண்டால் அந்த வலி கொஞ்சம் குறையும். அமெரிக்காவில் 1959-இல் கொண்டுவந்த 60 வயது வரம்பு தெளிவான மருத்துவ ஆய்வின் முடிவாக வந்ததில்லை. விமான நிறுவனங்களின் வேண்டுகோளும் அன்றைய ஜெட் விமானங்களின் வருகையும் சேர்ந்து உருவாக்கிய நிர்வாக முடிவு அது. பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ 2006 நவம்பரில் வரம்பை 65-ஆக உயர்த்தியது. அமெரிக்கா 2007 டிசம்பரில் அதற்கு ஒத்துவந்தது. ஜப்பான் தன் நாட்டு விமானிகளை 68 நிறையும் வரை அனுமதிக்கிறது. ஆக, இந்தக் கோடு ஏற்கெனவே நகர்ந்திருக்கிறது. அதற்காக உங்கள் அப்பாவுக்கும் நகரும் என்று காத்திருக்க வேண்டாம். 67 ஆக்கச் சொல்லி விமான நிறுவனங்களின் பன்னாட்டுச் சங்கமான ஐயாட்டா 2025-இல் கேட்டது உண்மைதான். அப்படி ஒரு கோரிக்கையை நம்பி யாரும் தன் கடைசி இரண்டு வருடத்தைத் திட்டமிடக் கூடாது.

இந்த வரம்பு ஏன் தனி மனிதரைப் பார்ப்பதில்லை என்பதற்கும் காரணம் இருக்கிறது. இரண்டு விமானிகள் உள்ள விமானத்தில் ஒருவர் ஓர் ஆண்டுக்குள் திடீரென்று செயலிழக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்றைத் தாண்டக் கூடாது என்பது பல நாட்டு விமான மருத்துவர்கள் கையாளும் அளவுகோல். மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றின் வாய்ப்பு வயதோடு ஏறுகிறது. எந்த நபருக்கு எந்த நாளில் வரும் என்று எந்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாது. அதனால் கூட்டத்துக்கு ஒரு கோடு போடுகிறார்கள். திறமை தனிக் கணக்கு. 40 முதல் 69 வயது வரையுள்ள 118 விமானிகளை மூன்று ஆண்டு சிமுலேட்டரில் கவனித்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2007-இல் வெளியானது. வயது கூடியவர்கள் முதல் சோதனையில் சற்றுப் பின்தங்கினார்கள். ஆனால் மூன்று ஆண்டுகளில் அவர்களுடைய சரிவு இளையவர்களின் சரிவைவிடக் குறைவாக இருந்தது. எதிரே வரும் விமானத்தைத் தவிர்ப்பதில் அது குறிப்பாகத் தெரிந்தது. சிமுலேட்டரில் நான் பார்ப்பதும் இதோடு பொருந்துகிறது. வயதான கேப்டன் புதிதாக மாறிய ஒரு நடைமுறையைப் பிடித்துக்கொள்ளக் கூடுதல் நேரம் எடுப்பார். ஆனால் இன்ஜின் தீப்பிடிக்கும் காட்சியில் அவசரப்படாமல் உட்கார்ந்திருப்பவரும் அவர்தான்.

65-க்குப் பிறகு பறக்கலாமா என்பதற்கு நேரடிப் பதில்: வணிகப் போக்குவரத்தில் முடியாது. நம் நாட்டில் விமான விதிகள் 1937-இன் 28ஏ விதி, 65 நிறைந்தவர் வணிக விமானத்தில் கேப்டனாகவோ கோ-பைலட்டாகவோ அமரக் கூடாது என்கிறது. விதி தடுப்பது அந்த ஒரு வகைப் பறத்தலை. அவர் பெற்ற உரிமத்தை யாரும் அன்று வந்து பறித்துக்கொள்வதில்லை. சொந்த மகிழ்ச்சிக்காக ஃபிளையிங் கிளப்பில் சிறிய விமானம் ஓட்டுவது என்றால், அதற்குரிய மெடிக்கலும் பயிற்றுநரின் சோதனையும் தேவைப்படும். அப்போது ஒன்றை மட்டும் அவரிடம் சொல்லி வையுங்கள். ஏ320-இல் பல்லாயிரம் மணி நேரம் பறந்தவர் செஸ்னா 172-இல் ஏறினால் முதல் சில தரையிறக்கங்களில் மிக உயரத்திலேயே மூக்கைத் தூக்கிவிடுவார். பெரிய விமானத்தில் கண் இருக்கும் உயரத்துக்குப் பழகிய மூளை, தரை வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளும். சிறிய விமானம் அங்கேயே வேகம் இழந்து தொப்பென்று விழும். விமானத்தின் மூக்கை இடம் வலமாகத் திருப்பும் ரட்டர் பெடலில் காலுக்கு மறுபடி வேலை கொடுக்கவும் பழக வேண்டும். அதனால் அனுபவத்தைக் காட்டி ஒரே நாளில் தனியாகக் கிளம்பாமல், சில மணி நேரம் பயிற்றுநரோடு பறப்பதே சரி.

பெரும்பாலான கேப்டன்களுக்குப் பொருந்துவது சிமுலேட்டர் பயிற்றுநர் வேலை. உங்கள் அப்பாவுக்கு அதில் விருப்பம் இருந்தால் இன்றைக்கே தொடங்க வேண்டும், 65 முடிந்த பிறகு தொடங்கினால் தாமதம். காரணம் எளிது. பயிற்றுநர் தகுதிக்கு அந்த வகை விமானத்தை ஓட்டுவதற்கான தகுதி (ரேட்டிங்) நடப்பில் இருப்பது பெரிய உதவி. இப்போது அவருக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை சிமுலேட்டர் சோதனை நடக்கிறது. கடந்த 90 நாளில் மூன்று டேக்-ஆஃப், மூன்று லேண்டிங் என்ற நிபந்தனையும் வேலையிலேயே தானாக நிறைவேறுகிறது. பறப்பது நின்ற மறுநாளிலிருந்து இவை ஒவ்வொன்றாகக் காலாவதியாகும். மீட்டெடுக்கச் சொந்தக் காசும் நேரமும் செலவாகும். பயிற்றுநர் பயிற்சி, மூத்த பயிற்றுநரின் கீழ் அமர்ந்து பார்ப்பது, மேற்பார்வையில் வகுப்பு எடுப்பது, நாட்டின் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ-வின் ஒப்புதல் என்று படிகள் நீளும். பதினெட்டு மாத அவகாசம் இதற்குச் சரியாக இருக்கும். எந்த வயது வரை பயிற்றுநராகவும் தேர்வாளராகவும் இருக்கலாம் என்பதை டிஜிசிஏ-வின் நடப்பு விதிகளில் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கங்கள் அடிக்கடி திருத்தப்படுகின்றன, பழைய பிரதியை நம்பக் கூடாது.

அந்த வேலையின் மறுபக்கத்தையும் அவர் தெரிந்துகொண்டு போக வேண்டும். சிமுலேட்டர் விலை உயர்ந்த இயந்திரம் என்பதால் அதைச் சும்மா நிறுத்தி வைக்க மாட்டார்கள், இரவு பகலாக ஓடும். ஒரு அமர்வு நான்கு மணி நேரம். அதற்கு முன்னும் பின்னும் விளக்க வகுப்பு ஒன்று, ஒன்றரை மணி நேரம். அதிகாலை இரண்டு மணிக்குத் தொடங்கும் அமர்வும் வரும். தூக்கம் கெடுவதிலிருந்து விடுதலை வேண்டும் என்று ஓய்வை எதிர்பார்த்திருப்பவருக்கு இது ஒத்துவராது. மாதத்தில் எத்தனை அமர்வு, இரவில் எத்தனை என்பதை ஒப்பந்தத்தில் பேசி எழுதிக்கொள்ளலாம். இன்னொன்று, நன்றாக ஓட்டுவதும் நன்றாகக் கற்பிப்பதும் வேறு வேறு. மாணவன் தவறு செய்யும்போது உடனே கை நீட்டித் திருத்தத் தோன்றும். அந்தத் தவறு எங்கே போய் முடிகிறது என்று மாணவனே பார்க்கும் வரை பொறுத்திருப்பவர்தான் நல்ல பயிற்றுநர். வீட்டில் உங்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது அவர் எப்படி இருந்தார் என்று யோசித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். கற்பிப்பதில் நாட்டம் இல்லாதவருக்கு வேறு வேலைகளும் உண்டு: விமானப் பயிற்சிப் பள்ளிகளில் தரைப் பாடம், நிறுவனங்களின் பாதுகாப்புத் தணிக்கை, விமானத்தின் பதிவுக்கருவித் தரவுகளை ஆராய்ந்து போக்குகளைச் சொல்லும் பிரிவு, புதிய விமானிகளைத் தேர்வு செய்யும் குழு.

இப்போது நான் மிக முக்கியமாகக் கருதும் விஷயத்துக்கு வருகிறேன். ஓய்வுக்குப் பிறகு பொழுது எப்படிப் போகும் என்றுதான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். என் கவலை வேறு. இத்தனை வருடமாக உங்கள் அப்பாவின் உடலையும் நாளையும் வெளியிலிருந்து பிடித்து வைத்திருந்த கட்டமைப்பு ஒரே நாளில் முழுதாக நீங்கிவிடுகிறது. 60 தாண்டியதிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு முறை மெடிக்கல். ரத்த அழுத்தம், சர்க்கரை, ஈசிஜி, கண், காது எல்லாம் பார்த்துவிடுவார்கள். பறப்பதற்கு 12 மணி நேரம் முன்பிருந்து மது தொடக் கூடாது, கிளம்பும் முன் மூச்சுச் சோதனை. வருடத்துக்கு 1000 மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது, வாரத்துக்கு இத்தனை மணி நேரம் ஓய்வு என்ற வரையறைகள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை சிமுலேட்டரில் இன்னொருவர் முன்னால் தன்னை நிரூபிக்கும் சோதனை. நம் நாட்டில் இவ்வளவு நெருக்கமாகக் கவனிக்கப்படும் தொழில்கள் மிகக் குறைவு. 65 நிறைந்த மறுநாள் இவற்றில் ஒன்றும் இருக்காது, ஏன் குடிக்கிறாய், ஏன் தூங்கவில்லை என்று கேட்க யாரும் இருக்க மாட்டார்கள். வேலையில் இருந்தபோது கட்டுப்பாடாக வாழ்ந்த சிலர் ஓய்வின் முதல் ஆண்டில் தடுமாறுவதற்கு, நான் பார்த்த அளவில், மனச்சோர்வுக்கு இணையாக இந்த வெற்றிடமும் காரணம்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது ஒவ்வொரு வேலிக்கும் மாற்று ஒன்றை இப்போதே நடுவது. மெடிக்கலை ஆறு மாதத்துக்கு ஒரு முறை என்ற அதே கணக்கில் தொடரச் சொல்லுங்கள். ஏதாவது மருத்துவமனையில் முழு உடல் பரிசோதனைப் பேக்கேஜ் எடுப்பதைவிட, ஒரே பொது மருத்துவரிடம் தொடர்ந்து போவது மேல். முதல் முறை போகும்போது பழைய மெடிக்கல் கோப்பு முழுவதையும் எடுத்துப் போகட்டும். இருபது, முப்பது வருட ஈசிஜிகள் வரிசையாகக் கைவசம் உள்ள நோயாளி எந்த இதய மருத்துவருக்கும் அரிது. நாளைக்கு ஈசிஜியில் ஒரு சிறு மாற்றம் தெரிந்தால், அது புதிதா, முப்பது வயதிலிருந்தே இருப்பதா என்பதை அந்தக் காகிதங்கள்தான் சொல்லும். தேவையில்லாத ஆஞ்சியோகிராம் ஒன்று அதனால் தவிரலாம்.

மதுவைப் பற்றி மென்று விழுங்காமல் பேசுங்கள். பணியில் இருப்பவருக்கு அடுத்த நாளின் பணிப் பட்டியலான ரோஸ்டர்தான் அளவு போடுகிறது. அந்த அளவு போனதும், எப்போதாவது ஒரு நாள் மாலை என்பது தினமும் என்று ஆகிவிடும். வாரத்தில் எந்த நாட்கள் அறவே இல்லை என்று அவரே முன்கூட்டி முடிவு செய்து அம்மாவிடம் சொல்லிவிட்டால் போதும். விதியை மதித்தே வாழ்ந்த மனிதருக்குத் தானே எழுதிய விதியைக் காப்பது கடினமாக இருக்காது.

தூக்கத்தில் பலருக்கும் ஓர் ஏமாற்றம் வரும். இனி நன்றாகத் தூங்கலாம் என்று நினைத்திருப்பார்கள், ஆனால் மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். உடம்பு இன்னும் அதிகாலை டூட்டிக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறது. இதற்குத் தூக்க மாத்திரையைத் தேடிப் போக வேண்டாம். எப்போது தூங்கினாலும் எழும் நேரத்தை ஒன்றாக வைத்துக்கொள்வது, எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் வெளியில் வெயிலில் நடப்பது, பகல் தூக்கத்தை அரை மணிக்குள் நிறுத்துவது ஆகிய மூன்றும் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் பலன் தரும். உரத்த குறட்டையும் பகலில் அசதியும் சேர்ந்து இருந்தால் அது வேறு. தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயாக இருக்கலாம், பரிசோதிக்க வேண்டும்.

இங்கே கொஞ்சம் சங்கடமான ஒன்று. விமானிகள் மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொல்வதில்லை. அமெரிக்க விமானிகளிடம் நடந்து 2022-இல் வெளியான கணக்கெடுப்பில் பாதிக்கு மேற்பட்டோர், உரிமத்தை இழக்கும் பயத்தால் ஏதோ ஒரு வகையில் மருத்துவ உதவியைத் தவிர்த்ததாகச் சொன்னார்கள். நம் ஊரில் நிலைமை இதைவிட மேல் என்று நம்ப எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை. உங்கள் அப்பாவும் முதுகுவலி, காதில் இரைச்சல், படபடப்பு, மனக் கலக்கம் என்று எதையாவது ஓய்வுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்திருக்கலாம். இன்னும் பயணிகளோடு பறக்கும் இந்த ஒன்றரை வருடத்தில் அதை மறைப்பது தவறு என்று அவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். இன்று பல பிரச்சினைகளுக்குத் தற்காலிகமாகப் பறப்பதிலிருந்து விலக்கி வைத்து, சிகிச்சை முடிந்ததும் திரும்ப அனுமதிக்கிறார்கள். ஓய்வு வந்த பிறகு அந்தப் பயத்துக்கு இடமே இல்லை. தள்ளிப்போட்ட கண்புரை அறுவை, பல் வேலை, மூட்டு சிகிச்சை ஆகியவற்றுக்கு முதல் மூன்று மாதம் நல்ல காலம்.

விமானிகளுக்கென்று தனியாகப் பார்க்க வேண்டியவை கண், காது, தோல். காக்பிட் இரைச்சலும் ஹெட்செட்டும் காதில் உயர் அதிர்வெண் ஒலிகளைக் குறைக்கும், வயதும் அதையே செய்யும். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். பேரப்பிள்ளைகளின் பேச்சு புரியாமல் தலையாட்டத் தொடங்கினால் கேட்கும் திறனைச் சோதிக்கும் ஆடியோகிராம் எடுத்துக் காது கருவியைச் சீக்கிரமே பழக்கிக்கொள்வது நல்லது. உயரத்தில் வரும் அண்டக் கதிர்வீச்சால் விமானக் குழுவினர் ஆண்டுக்குச் சில மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு) வாங்குகிறார்கள் என்பது உறுதி. அது 20 மில்லிசீவர்ட் என்ற தொழில்முறை வரம்புக்கு வெகுவாகக் கீழே. ஐஸ்லாந்து விமானிகளிடம் செய்து 2005-இல் வெளியான ஆய்வு கண்புரைக்கும் இந்தக் கதிர்வீச்சுக்கும் தொடர்பு கண்டது. மெலனோமா விமானிகளுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று பல ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் சொல்கிறார்கள். காரணம் கதிர்வீச்சா, காக்பிட் கண்ணாடி வழியே வரும் புற ஊதாவா, விடுமுறைக் கடற்கரை வெயிலா என்பது முடிவாகவில்லை. அந்தத் தொகுப்பில் பெரும்பாலோர் வெள்ளைத் தோலினர். நம் நிறத்துக்கு அடிப்படை ஆபத்தே மிகக் குறைவு. வருடத்துக்கு ஒரு முறை தோல் மருத்துவரிடம் காட்டினால் போதும், உள்ளங்காலையும் நகத்தடியையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். நம் நிறத்தவருக்கு வந்தால் அங்கேதான் அதிகம் வரும்.

மனதைப் பற்றி. நாற்பது வருடம் "கேப்டன்" என்றே விளிக்கப்பட்டவர் அவர். அதைவிடப் பெரிய இழப்பு, முடிவெடுக்கும் பொறுப்பின் இழப்பு என்று நினைக்கிறேன். எரிபொருள் எவ்வளவு, போவதா திரும்புவதா என்று ஒவ்வொரு நாளும் தீர்மானித்தவருக்கு, திடீரென்று தீர்மானிக்க ஒன்றும் இருக்காது. அப்போது அந்தப் பழக்கம் வீட்டுச் சமையலறையை நோக்கித் திரும்பும். மாதத்தில் பாதி இரவு தனியாக இருந்து அந்த வீட்டைத் தன் வழியில் நடத்திவந்தவர் உங்கள் அம்மா. அவருடைய நேரமும் நண்பர்களும் அவருக்கென்று உண்டு. இருவரும் இதை ஓய்வுக்கு முன்பே பேசிவிட வேண்டும்: வீட்டில் எந்தெந்தப் பொறுப்பு அப்பாவுக்கு முழுதாக மாறுகிறது, எதில் அவர் தலையிடுவதில்லை. உண்மையான பொறுப்பாக ஒன்று இருக்க வேண்டும். குடியிருப்போர் சங்கத்தின் தீயணைப்பு ஏற்பாடு, கோயில் கணக்கு, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாரம் இரு நாள் கணக்குப் பாடம் என்று, அவர் வராவிட்டால் நின்றுபோகும் வேலையாக அது இருக்கட்டும். பொழுதுபோக்கு அந்த இடத்தை நிரப்பாது.

இப்போது பேச்சுக் குறைந்திருப்பதை மட்டும் வைத்து நோய் என்று சொல்ல முடியாது. இந்தக் கட்டத்தில் அது இயல்பு. இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து தூக்கமோ பசியோ கெட்டிருப்பது, பிடித்த எதிலும் நாட்டமில்லாமல் இருப்பது, தனியாகக் குடிப்பது, "நான் இருந்து என்ன" என்ற வகைப் பேச்சு ஆகியவற்றில் எது தெரிந்தாலும் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். அரசின் டெலி-மானஸ் உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம். அவர் இன்னும் பறந்துகொண்டிருக்கும்போது இப்படித் தெரிந்தால் அதே நாளில் பறப்பதை நிறுத்தி நிறுவனத்தின் மருத்துவப் பிரிவிடமோ, பல நிறுவனங்களில் இயங்கும் சக விமானிகளின் ஆதரவுக் குழுவிடமோ போக வேண்டும்.

கடைசிப் பறத்தலை நீங்கள் கேட்கவில்லை. ஆனால் குடும்பங்கள் இதில்தான் அதிகம் தவறு செய்கின்றன. பிறந்தநாளுக்கு முந்தைய நாளைக் குறித்துவைத்து உறவினர் இருபது பேருக்கு டிக்கெட் எடுக்காதீர்கள். மழை, விமானத்தில் கோளாறு, ரோஸ்டர் மாற்றம் ஆகியவற்றில் எதனாலும் அந்தச் சேவை ரத்தாகலாம். மறுநாள் அவர் சட்டப்படி பறக்க முடியாது. இரண்டு வாரம் முன்பாக, அவருக்குப் பழகிய தடத்தில், பகல் நேரச் சேவை ஒன்றை ரோஸ்டர் பிரிவிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விமானத்தின் மேல் வளைவாக நீர் பீய்ச்சும் நீர்த் தோரண மரியாதைக்கு விமான நிலையத் தீயணைப்புப் பிரிவின் அனுமதி வேண்டும், நிறுவனம்தான் கேட்க வேண்டும், மறுக்கவும் செய்யலாம். குடும்பம் பயணிகள் இருக்கையில்தான் இருக்க வேண்டும். கடைசி நாள் என்பதற்காகக் காக்பிட் கதவின் விதி தளராது. உணர்ச்சிகரமான அறிவிப்பு எதுவும் 10,000 அடிக்குக் கீழே வேண்டாம், விமானம் நிறுத்துமிடத்துக்கு வந்து இன்ஜின் அணைத்த பிறகு பேசட்டும். கடைசி லேண்டிங் அழகாக அமைய வேண்டும் என்ற ஆசையில் ஓடுபாதையில் மிதந்துகொண்டே போவதுதான் அன்று பயப்பட வேண்டிய தவறு. இறங்கி வரும் கட்டமான அப்ரோச் நிலைப்படவில்லை என்றால் அன்றும், இறங்காமல் மேலேறிச் சுற்றி வரும் கோ-அரவுண்ட்தான். உள்ளே குடும்பம் இருக்கிறது என்ற நினைப்பே அழுத்தம். அதைப் புறப்படும் முன் விளக்கத்தில் கோ-பைலட்டிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுவது நல்ல வழக்கம். வழக்கம்போல என்னைத் திருத்து என்று அவருக்கு அனுமதி கொடுத்ததாகவும் ஆகும்.

காகித வேலையை நிறுவனத்தின் உள் கணக்குகள் மூடப்படும் முன் முடித்துவிடுங்கள். வேலை முடிந்த மறுநாள் மின்னஞ்சலும் டேப்லெட்டும் வேலை செய்யாது. பறந்த நேரத்தைக் குறித்துவைக்கும் லாக்புக்கின் மொத்த மணி நேரத்தை நிறுவனம் சான்றளித்த பிரதி, பயிற்சிக் கோப்பின் நகல், கடைசி சிமுலேட்டர் சோதனை அறிக்கை, பணிச் சான்றிதழ், மெடிக்கல் பதிவுகள் எல்லாம் கைக்கு வர வேண்டும். பின்னால் பயிற்றுநர் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது முதலில் கேட்பது இவற்றைத்தான். விமான நிலைய நுழைவு அட்டையைத் திருப்பிக் கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள்.

பணத்தில் ஒன்றே ஒன்றை இந்த மாதமே செய்யச் சொல்வேன்: தனி மருத்துவக் காப்பீடு. நிறுவனத்தின் குழுக் காப்பீடு பெரும்பாலும் வேலையோடு முடிந்துவிடும். புதிய பாலிசியில் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் மூன்று ஆண்டு வரை வைக்கலாம். 65-இல் வாங்கினால் 68 வரை ரத்த அழுத்தம் தொடர்பான சிகிச்சைக்குக் கூடக் காசு வராமல் போகலாம். இன்று வாங்கினால் அதில் பாதி, வேலையில் இருக்கும்போதே கழிந்துவிடும். அம்மாவுக்கும் சேர்த்து எடுங்கள், எந்த மாத்திரையையும் மறைக்காமல் விண்ணப்பத்தில் எழுதுங்கள். குழுக் காப்பீட்டிலிருந்து அதே நிறுவனத்தின் தனி பாலிசிக்கு மாற வழியுண்டா என்றும் கேளுங்கள், கழிந்த காலத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். மற்றவை ஆடிட்டரிடம் பேச வேண்டியவை: தனியார் ஊழியருக்குக் கிராஜுவிட்டியில் 20 லட்சம் வரையும் விடுப்புப் பணத்தில் 25 லட்சம் வரையும் வரிவிலக்கு உண்டு, வேலை நின்ற பிறகு பிஎஃப் கணக்கில் சேரும் வட்டிக்கு வரி உண்டு, மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். மெடிக்கலில் தவறிப் பறக்க முடியாமல் போனால் பணம் தரும் உரிமம் இழப்புக் காப்பீடு 65-க்குப் பின் பயன்படாது, அதன் பிரீமியம் தானாகப் பிடிக்கப்படுகிறதா என்று பார்த்து நிறுத்துங்கள். புதிய வீட்டுக் கடன் எதிலும் இந்த இரண்டு வருடத்தில் கையெழுத்திட வேண்டாம். கேப்டன் சம்பளம் நின்றபின் வரும் மாத வருமானம் எவ்வளவு என்று எழுதி, அந்தத் தொகையில் மட்டும் மூன்று மாதம் வீட்டை நடத்திப் பாருங்கள். அவர் இன்னும் சம்பளம் வாங்கும்போதே இதைச் செய்தால், எங்கே போதவில்லை என்று திருத்திக்கொள்ள ஒன்றரை வருடம் கையில் இருக்கிறது.